விக்கலும் மனமும்

தும்மலைக் காதலர் நினைவோடு பிணைத்த திருவள்ளுவர், விக்கலை அவ்விடத்தில் வைக்கவில்லை. 'விக்குள்' என்னும் சொல்லை நிலையாமை அதிகாரத்தில், உயிர் பிரியும் வேளையின் அடையாளமாக ஆள்கிறார். உலக வழக்கிலோ, விக்கினால் யாரோ நினைக்கிறார்கள் என்கிறோம். உடலின் கேடா, உள்ளத்தின் குறியா என்னும் இந்த ஐயம் மருத்துவ வரலாற்றிலும் தொடர்ந்து வருகிறது.

சரக சம்ஹிதை விக்கலை ஐந்து வகையாகப் பகுத்து, அவற்றுள் சில உயிரைக் குடிப்பவை என எச்சரிக்கிறது. அதே இயலில் குளிர்ந்த நீரைத் திடீரெனத் தெளித்தல், அச்சுறுத்தல், வியப்பூட்டல், சினமோ மகிழ்ச்சியோ உண்டாக்கல் ஆகியவற்றையும் மருந்தாகக் கூறுகிறது. பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்பிலும் கிள்ளான் தோட்ட லயங்களிலும், விக்கும் பிள்ளையிடம் "காசைத் திருடினாயாமே?" எனக் கேட்டுத் திடுக்கிட வைத்த பாட்டிமார் சரகரைக் கற்றவர் அல்லர். ஆயினும் முறை ஒன்றே.

உதரவிதானம் சட்டெனச் சுருங்க, குரல்வளை மூடிக்கொள்வதே விக்கல். 48 மணி நேரத்தைக் கடந்தால் அது நீடித்த விக்கல் எனப்படும். 1950இல் பிரான்சில் உருவாகி, 1952 முதல் மனநோய் மருத்துவத்தின் போக்கையே மாற்றிய குளோர்புரோமசின், பின்னர் நீடித்த விக்கலுக்கும் மருந்தாயிற்று. ஈண்டு ஒரு மயக்கம் எழுவதுண்டு. மனநோய்க்குரிய மருந்தால் நின்றமையால் விக்கலும் மனநோயே என்றாகாது. இரைப்பை, சிறுநீரகம், மூளை ஆகியவற்றின் கோளாறுகளாலும் அது நீடிக்கும். அவற்றைத் தேடிப் பார்த்த பின்னரே மனத்தின்பால் திரும்புதல் முறை.

அவ்வாறு திரும்புவது நம்மவர்க்கு எளிதாக இருந்ததில்லை. 1911இல் பேராக்கில் மனநோய் மருத்துவமனை திறக்கப்பட்ட தஞ்சோங் ரம்புத்தான், நாளடைவில் ஊர்ப்பெயராக நில்லாமல் வசைச்சொல்லாகவே ஆகிவிட்டது. அப்பெயருக்கு அஞ்சியே பலர் மனத்துயரை மூச்சடைப்பு என்றும் மயக்கம் என்றும் சொல்லி மறைத்தனர் எனக் கருதுகிறேன்.

விக்கல் அன்றாயினும், இதற்கு மிக நெருங்கிய நிகழ்ச்சி 1978இல் சுங்கைவேயில் நடந்தது. அமெரிக்கர்க்கு உரிய மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில், நுண்நோக்கியில் கண் பதித்து உழைத்த ஏறத்தாழ 120 பெண்கள் ஆவி பிடித்தவர்போல் ஆயினர். ஆலை மூன்று நாள் மூடப்பட்டது. பொமோ வரவழைக்கப்பட்டு ஆடு பலியிடப்பட்டது. இதனைப் பதிவு செய்த மானிடவியலாளர் ஐவா ஓங், கிராமத்திலிருந்து வந்த இளம்பெண்கள்மேல் ஆலை ஒழுங்கு சுமத்திய நெருக்குதலை எடுத்துக்காட்டினார். நிர்வாகமோ இதனை நோயாகவே கண்டது. ஆட்டை வெட்டியவர்களும் நோயெனக் கண்டவர்களும் வேலையின் கடுமையைப் பற்றி வாய் திறக்காதது வியப்பன்று.

அப்பெண்கள் நடிக்கவில்லை. மனக்காரணத்தால் விக்குபவரும் நடிப்பதில்லை. நிறுத்து என்றால் அவரால் நிறுத்த இயலாது. தேர்வு நெருங்கும் நாளில் விக்கத் தொடங்கும் மாணவியை வகுப்பிற்கு வெளியே நிறுத்திவிட்டால், பிறர் பார்வை அவள்மேல் குவிந்து விக்கல் வலுக்கவே செய்யும். உறக்கத்தில் நிற்கும் விக்கல் மனம் சார்ந்ததாக இருக்கலாம் என்பர். ஆனால் அக்குறி ஒன்றையே கொண்டு முடிவு கட்டலாகாது. மருத்துவர் உடலைச் சோதித்த பின், மூச்சைச் சீராக்கும் பயிற்சி, உடலைத் தளர்த்தும் பயிற்சி, மனநல ஆலோசனை ஆகியன துணைபுரியும். விக்கல் தொடங்கிய வாரத்தில் வீட்டில் என்ன நடந்தது என்பதை அவளிடம் தனியே, பொறுமையாகக் கேட்பதும் அம்மருத்துவத்தைச் சேர்ந்ததே.