பழனி மலையில் பனி காத்த புல்வெளி

இமயமலையில் சறுக்குப் பலகைகளோடு ஆளரவமற்ற சரிவுகளுக்குப் போகிறவர்கள் முதலில் பனியில் ஒரு குழி வெட்டிப் பார்ப்பார்கள். எந்த அடுக்கு எப்போது விழுந்தது, எது தளர்ந்து கிடக்கிறது என்று தெரிந்த பிறகே சரிவில் இறங்குவார்கள். பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 பாகை வரையிலான சாய்வில்தான் கிளம்புகின்றன; அங்கே கணிப்பு தவறினால் தண்டனை அந்த நொடியிலேயே கிடைத்துவிடும். வெண்பனி பெய்யாத பழனி மலையிலும் குளிரைக் கணிக்க வேண்டியிருந்தது. அங்கே தவறான கணிப்புக்குத் தண்டனை கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. கொடைக்கானலைச் சுற்றியிருந்த புல்வெளிகள் அழிந்த கதை, பெரும்பகுதி, உறைபனியைப் புரிந்துகொள்ளாத கதைதான்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் வெளுத்த பிறகு, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இங்கே உறைபனிக் காலம். கொடைக்கானலில் சனவரி இரவுகளின் சராசரிக் குறைந்தபட்ச வெப்பம் 8 பாகை செல்சியசை ஒட்டி இருக்கும். அந்த எண்ணை மட்டும் பார்த்தால் நீர் உறைய வழியில்லை. ஆனால் வானிலை நிலையத்து வெப்பமானி ஆள் இடுப்புக்கு மேலே, கூண்டுக்குள் இருக்கிறது. மேகமற்ற இரவில் தரையோ தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டு அதைவிடப் பல பாகை குளிர்ந்துவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் ஏரிக்கரையும் ஜிம்கானா மைதானமும் விடியலில் வெளுத்துக் கிடக்கும்போது, அருகிலுள்ள மேட்டில் புல் நனைந்து மட்டும் இருக்கும். 1863இல் கலெக்டர் லெவிஞ்ச் அணை கட்டி ஏரியாக்கிய இடம் முன்பு சதுப்புப் பள்ளம்தானே. அட்டுவம்பட்டி, வில்பட்டி பக்கத்து அடுக்கு வயல்களிலும் இதே கணக்குதான்: தாழ்ந்த வயலின் உருளைக்கிழங்கு இலை கருகிய பிறகும் மேல் அடுக்கு பச்சையாக நிற்கும்.

1821இல் லெப்டினன்ட் வார்டு இந்த மலையை அளந்தார். 1845இல் அமெரிக்க மதுரை மிஷன் இங்கே குடியேறியது. பள்ளத்தாக்கு மடிப்புகளில் சோலைக்காடு, மேடுகளிலும் திறந்த பள்ளங்களிலும் புல் என்ற அமைப்பு அப்போதே இருந்தது. பின்னால் வந்த வன நிர்வாகத்தின் கண்ணுக்கு மரம் செல்வமாகவும் புல் வெற்றிடமாகவும் தெரிந்தன. தோல் பதனிடும் பட்டைக்காக வாட்டில், விறகுக்கும் கூழுக்கும் தைலமரம், கூடவே பைன் என்று இருபதாம் நூற்றாண்டில் நடவு பெருகியது. 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு, பழனி மலையின் புல்வெளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதாகக் காட்டியது.

புல்வெளி இயற்கையானதே அல்ல, ஆயர்களும் வேட்டைக்காரர்களும் காட்டைக் கொளுத்தி உண்டாக்கியது என்பது இதற்கு எதிரான பழைய வாதம். அப்படியானால் அதில் மரம் நட்டது தவறாகாது. நீலகிரியை ஆராய்ந்த வன அதிகாரி சி.ஆர். ரங்கநாதன் 1938இலேயே இதை மறுத்தார். திறந்தவெளியில் சோலைக் கன்றுகளை உறைபனி கொன்றுவிடுகிறது, அதனால்தான் காடு எல்லை தாண்டவில்லை என்றார். 1993இல் சுகுமாரும் உடனாய்வாளர்களும் நீலகிரியின் சதுப்புக் கரிமண்ணை அடுக்கடுக்காக ஆராய்ந்தபோது, ஏறக்குறைய 20,000 ஆண்டுகளாகப் புல்லும் காடும் தட்பவெப்பத்துக்கு ஏற்ப மாறிமாறி விரிந்து சுருங்கியது தெரிந்தது. பழனி மலையிலும் தொல்குடிகள் இருந்தார்கள்தான். தாண்டிக்குடிப் பக்கத்துக் கல்திட்டைகளை ஆங்லேடும் நியூட்டனும் 1928இல் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பெருங்கற்காலம் புல்வெளியைவிட மிகவும் பிந்தியது. தீ புல்லைப் பரப்பியிருக்கலாம், படைத்திருக்க முடியாது.

இன்னொரு மறுப்பு வலுவானது. வாட்டில், பைன் தோப்புகளின் நிழலில் இன்று சோலைக் கன்றுகள் தாமாக முளைக்கின்றன. அப்படியானால் அயல் மரங்கள் காட்டை வளர்த்திருக்கின்றன அல்லவா? முளைப்பது உண்மைதான். ஆனால் அது உறைபனிக் கணிப்பையே உறுதிப்படுத்துகிறது. மேலே இலைக்கூரை இருந்தால் தரை தன் வெப்பத்தை இழப்பது குறையும். பனி கொல்லாத இடத்தில் கன்று பிழைக்கும். நீலகிரியில் நடந்து 2020இல் வெளியான பரிசோதனையும் இதைத்தான் சொன்னது: திறந்த புல்வெளியில் சோலைக் கன்றுகள் உறைபனியால் மடிந்தன, வாட்டில் கன்றுகள் தாங்கின. ஆக, காட்டையும் புல்லையும் பிரித்த உறைபனிக் காவல் வாட்டிலிடம் செல்லுபடியாகவில்லை. இரவுகள் வெதுவெதுப்பானால் அந்தக் காவல் இன்னும் தளரும்.

2013இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்ட பிறகு, அயல் மரங்களை அகற்றும் பேச்சு வலுத்திருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வெட்டுவதும் எல்லாவற்றையும் விட்டுவைப்பதும் பழைய தவறின் இரு முகங்களே. சோலைக் கன்றுகள் எழும்பிவிட்ட தோப்பை மெல்லக் கலைக்கலாம். பனி தேங்கும் திறந்த பள்ளத்துக்குள் நுழையும் வாட்டிலை உடனே பிடுங்க வேண்டும். எந்த இடத்தில் எது என்பதைத் தீர்மானிக்க, நடவுப் பட்டியலைப் புரட்டுவதற்கு முன் சனவரி விடியலில் எங்கெங்கே தரை வெளுக்கிறது என்று வரைபடம் போட்டாக வேண்டும்.