கண் செதுக்கியது, காது இழைத்தது

ஜாகுவார் நிறுவனத் தலைவர் சர் வில்லியம் லயன்ஸ் ஒரு புதிய காருக்கு வடிவம் தேடும்போது வரைபலகைப் பக்கம் போகமாட்டார். இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் பிரவுன்ஸ் லேன் தொழிற்சாலையில் ஃப்ரெட் கார்ட்னர் பொறுப்பில் இருந்த மரப்பட்டறைக்குத்தான் போவார். அங்கே மரச்சட்டத்தின் மேல் தகடு அடித்து, கார் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய மாதிரியையே செய்து நிறுத்துவார்கள். லயன்ஸ் அதைச் சுற்றிச் சுற்றி வருவார். குனிந்து பார்ப்பார், தள்ளி நின்று பார்ப்பார். இந்த இடம் கொஞ்சம் இறங்கட்டும், அந்த விளிம்பு இன்னும் மெலியட்டும் என்று கைகாட்டுவார். தகடு உடனே தட்டி மாற்றப்படும். ஓரளவு தேறியதும் அதை வாப்பன்பரி ஹால் என்ற தன் வீட்டுக்குக் கொண்டுவரச் செய்வார். தோட்டத்து வெளிச்சத்தில், வீட்டு வாசலில் நிற்கும்போது அந்தக் கார் எப்படித் தெரிகிறது என்று பார்த்தபிறகே அவர் மனம் ஒப்பும்.

1922-ல் பிளாக்பூல் கடற்கரை நகரில் தன் 21-வது வயதில், வில்லியம் வாம்ஸ்லி என்ற கூட்டாளியோடு மோட்டார் சைக்கிளுக்கான சைடுகார் செய்யத் தொடங்கியவர் லயன்ஸ். அந்தப் பட்டறையே வளர்ந்து 1928-ல் கோவென்ட்ரிக்கு வந்தது, 1945-ல் ஜாகுவார் என்ற பெயரைச் சூடியது. விலையைவிட இரண்டு மடங்கு மதிப்புள்ளதாகத் தோன்றும் காரைச் செய்வதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. அவருடைய கண்ணுக்குத் தப்பிய கோடு ஒன்றுகூட அந்தக் கார்களில் கிடையாது.

1960-களின் நடுவில் அந்தக் கண்ணுக்கு ஒரு பெரிய சோதனை வந்தது. மார்க் 2, எஸ் டைப், 420, 420ஜி என்று ஜாகுவாரின் நான்கு கதவு கார்கள் பல வகையாகப் பெருகிக் கிடந்தன. சிறிய நிறுவனம் தாங்கக்கூடிய சுமை அல்ல அது. இவை அத்தனைக்கும் பதிலாக ஒரே ஒரு கார் என்று லயன்ஸ் முடிவெடுத்தார். தோற்றால் கைகொடுக்க இன்னொரு மாடல் இருக்காது. அந்தத் திட்டத்துக்கு எக்ஸ்ஜே4 என்று பெயர். சந்தைக்கு வந்தபோது அதுவே எக்ஸ்ஜே6 ஆனது.

தொடக்ககால மாதிரிகளில் ஈ டைப் ஸ்போர்ட்ஸ் காரின் கூர்மூக்குச் சாயல் இருந்தது. மாதிரிக்கு மேல் மாதிரியாக அந்த மூக்கு நிமிர்ந்து, சதுரமான கிரில்லும் நான்கு விளக்குகளும் கொண்ட முகமாக மாறியது. பின்சக்கரத்துக்கு மேலே தகடு லேசாக எழும்பி வால்பக்கம் சரியும் வளைவைப் பாருங்கள். பாயத் தயாராகும் விலங்கின் இடுப்பு அது. 4.8 மீட்டர் நீளமுள்ள காரின் உயரம் 1.34 மீட்டர்தான். இந்தத் தாழ்வுக்கு ஒரு விலையும் இருந்தது: பின்சீட்டில் கால் நீட்ட இடம் போதாது. டிக்கியும் ஆழமில்லாதது. பெட்ரோல் டாங்குகள் இரண்டு, பின்பக்கம் இடமும் வலமுமாக ஒளிந்திருந்தன. அவற்றின் குரோம் மூடிகள் வெளியே தெரிந்ததும்கூட அழகாகவே இருந்தது.

அழகுக்கு இவ்வளவு இடம் கொடுத்தாலும், இந்தக் காரின் பெருமையில் சரிபாதி வேறொருவருக்குச் சேரவேண்டும். அவர் பொறியாளர் பாப் நைட். லயன்ஸ் கண்ணால் வாழ்ந்தவர் என்றால், நைட் காதால் வாழ்ந்தவர். 1950-களில் பின்சக்கரங்கள் தனித்தனியாக அசையும் சஸ்பென்ஷன் ஒன்றை ஒரே மாதத்தில் செய்து முடிக்க முடியாது என்று லயன்ஸ் அவரிடம் 5 பவுண்டு பந்தயம் கட்டினார், நைட் 27 நாளில் முடித்துக் காட்டினார் என்று ஜாகுவார் வட்டாரத்தில் இன்றும் சொல்வார்கள். 1961-ல் ஈ டைப்பிலும் மார்க் 10-லும் வந்த அந்த அமைப்பு எக்ஸ்ஜே6-லும் தொடர்ந்தது.

அவர் எடுத்துக்கொண்ட சிக்கல் எளிதானதல்ல. சக்கரம் ஒரு குழியில் விழுந்தால் அந்த அதிர்வு இரும்பு வழியாக ஏறி, காரின் கூட்டுக்குள் ஓசையாக நிறைகிறது. நடுவில் ரப்பர் வைத்தால் ஓசை அடங்கும். ஆனால் ரப்பர் மிருதுவாக இருந்தால் ஸ்டீயரிங் தொளதொளத்துவிடும். அந்தக் காலத்துச் சொகுசு கார்கள் வளைவில் படகுபோல் சாய்ந்ததும், வளைவில் நன்றாக நின்ற கார்கள் பயணியைக் குலுக்கி எடுத்ததும் இதனால்தான். இரண்டையும் ஒரே காரில் தரமுடியாது என்று பலரும் நம்பினார்கள்.

நைட் ரப்பரின் இயல்பைத் திசைவாரியாகப் பிரித்துப் பார்த்தார். முன்னும் பின்னுமாக அசைய விடு, பக்கவாட்டில் அசைய விடாதே: அவர் ஒவ்வொரு ரப்பர் துண்டிடமும் கேட்டது இதுதான். முன்சக்கரங்களின் சஸ்பென்ஷனை ஒரு தனிச்சட்டத்தில் கட்டி, அந்தச் சட்டத்தை ரப்பர் வழியாகக் காரில் பொருத்தினார். பின்பக்கமும் அப்படியே. பிரேக் பிடித்தால் மூக்கு குத்தாதபடி முன்பக்க இணைப்புகளின் கோணத்தை அமைத்தார்கள். அப்போது புதிதாகப் பரவிவந்த ரேடியல் டயர் சாலையை நன்றாகப் பிடிக்கும், ஆனால் மெதுவாகப் போகும்போது தட்தட்டென்று இடிக்கும். அந்த இடியையும் விழுங்கும்படி சஸ்பென்ஷனையும் ரப்பரையும் டயரையும் ஒன்றாகவே பக்குவப்படுத்தினார்கள். டன்லப் நிறுவனம் இந்தக் காருக்கென்றே அகலமான ரேடியல் டயர் செய்து தந்தது. பெயர் தெரியாத ஒரு ரப்பர் துண்டை மாற்றி, ஓட்டிப் பார்த்து, கழற்றி, மறுபடி மாற்றும் இந்தப் பொறுமையை எந்த விளம்பரமும் காட்டியதில்லை. எனக்கு அந்தக் காரின் வளைவுகளைவிட இதுவே பெரிய கலையாகப் படுகிறது.

இன்ஜின் மட்டும் பழையது. போர்க்காலத்தில் குண்டுவீச்சுத் தீயைக் கவனிக்கத் தொழிற்சாலையில் இரவுக் காவல் இருந்தபோது வில்லியம் ஹெய்ன்ஸ், வால்ட்டர் ஹசன், கிளாட் பெய்லி மூவரும் பேசிப்பேசி உருவாக்கிய எக்ஸ்கே இன்ஜின் அது. 1948-ல் வெளிவந்து, 1951 முதல் 1957 வரை லே மான் பந்தயத்தை ஐந்து முறை வென்றது. எக்ஸ்ஜே6-ல் 4.2 லிட்டர், 2.8 லிட்டர் என இரு அளவுகளில் வந்தது. ஐரோப்பிய நாடுகளின் வரிக்கணக்கை மனதில் வைத்துச் செய்த சிறிய இன்ஜினில் ஒரு குறை இருந்தது. வெகுநாள் மெதுவாக ஓட்டிவிட்டுத் திடீரென்று விரட்டினால், பிஸ்டன் தலையில் படிந்த கரி சூடேறி ஓட்டை போட்டுவிடும். பின்னர் அதைக் கைவிட்டார்கள்.

1968 செப்டம்பர் 26 அன்று கார் அறிமுகமானது. ரோல்ஸ் ராய்ஸ் விலையில் பாதிகூட இல்லாத ஒரு கார் அமைதியில் அதற்குச் சவால் விடுவதைப் பத்திரிகையாளர்கள் ஓட்டிப் பார்த்து எழுதினார்கள். 1969-ல் ‘கார்’ இதழ் அந்த ஆண்டின் சிறந்த கார் என்று தேர்ந்தெடுத்தது. வாங்க வந்தவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.

1972-ல் லயன்ஸ் ஓய்வு பெற்றார். அதே ஆண்டு, தொடக்கத்திலிருந்தே திட்டத்தில் இருந்த 12 சிலிண்டர் இன்ஜினோடு எக்ஸ்ஜே12 வந்தது. போனட்டுக்குக் கீழே இடம் அவ்வளவு நெருக்கம். பேட்டரிக்கென்றே தனி விசிறி வைக்கவேண்டியிருந்தது. பின்சீட்டுக் குறையைத் தீர்க்க 10 சென்டிமீட்டர் நீட்டிய காரும் அப்போதே வந்தது.

இன்று ஜாகுவார் டாடா குழுமத்தின் கையில் இருக்கிறது. அதன் ஜாகுவார் லேண்ட் ரோவர் கார்களையும் தயாரிக்கும் நோக்கோடு ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் ஓர் ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆனால் ஜாகுவார் என்ற பெயர் 1970-களிலேயே துடைத்தெறியப்பட்டிருக்கும். 1968-ல் உருவான பிரிட்டிஷ் லேலண்ட் என்ற மாபெரும் கூட்டு நிறுவனத்துக்குள் ஜாகுவார் ஒரு சின்னப் பிரிவாகச் சுருங்கியது. பிரவுன்ஸ் லேன் ஆலையில் ஜாகுவார் என்ற பெயரையே ஒதுக்கும் அளவுக்கு நிர்வாகம் போனது. பொறியியல் பிரிவு ஒன்று மட்டும் கரையாமல் நின்றது. அதன் வாசலில் நின்று தடுத்தவர் பாப் நைட். அந்தப் போராட்டம் அடுத்த வாரம்.

(தொடரும்)