படலையும் பதுங்குகுழியும்

1862இல் திருக்குடும்பக் கன்னியர் யாழ்ப்பாணம் வந்தது முதல் கன்னியர் மடப் பாடசாலைகளின் வரலாறு எழுதப்பட்டு வருகிறது. அதில் கட்டடங்களும் அதிபர்களும் நிறைய உண்டு. எங்கள் ஆரம்பப் பிரிவின் படலை இல்லை.

பாடசாலை விட்டதும் அங்கே ஒரு சிஸ்டர் நிற்பார். எந்தப் பிள்ளையை யார் கூட்டிப்போவார் என்பது அவருக்கு மனப்பாடம். அறியாத முகம் வந்து “நான் மாமா” என்றால் பிள்ளை வெளியே போகமாட்டாள். பிரம்பும் இருந்தது, அதை மறைத்து எழுதுவது வரலாறாகாது. 1960, 61ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகள் பல அரசிடம் சென்றன. படலைக் காவல் மாறவில்லை.

யுத்தம் வந்ததும் அந்தக் காவல் மண்ணுக்குள் இறங்கியது. வேம்பின் கீழ் பெற்றோரே கிடங்கு வெட்டி, பனங்குற்றி பரப்பி, மண்மூடை அடுக்கினார்கள். பொம்பர் சத்தம் கேட்டால் பாலர் வகுப்புத்தான் முதலில் இறங்கும்; ஐந்தாம் வகுப்பார் ஆளுக்கொரு சின்னவளின் கையைப் பிடிப்போம். உள்ளே செபமாலையும் சொன்னோம், தேவாரமும் பாடினோம். எவரும் தடுக்கவில்லை.

1995 யூலை 9 அன்று நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்தவர்கள் மீது குண்டு விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். “கோவிலுக்கு ஓடுங்கோ பிள்ளையள்” என்று சொல்வதை எங்கள் ரீச்சர்மார் அதன்பின் விட்டுவிட்டார்கள்.

ஒக்ரோபர் 30 இடப்பெயர்வில் ஒரு ரீச்சர் தன் பொருட்களோடு வகுப்பு இடாப்பையும் சுமந்து போனார். தென்மராட்சியில் ஒரு மாமர நிழலில் பெயர் கூப்பிட்டார். பதில் வராத பெயர்களுக்கு நேரே அவர் வரவின்மை குறிக்கவில்லை. கட்டங்களை வெறுமையாகவே விட்டார்.