பறை, கானா, மின்னிசை: ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவை முன்வைத்துச் சில கேள்விகள்

தாம்பரம் சானடோரியத்தில் 2005ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை, அயோத்திதாசப் பண்டிதரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பண்டிதர் சித்த மருத்துவர் என்பதால் பெயர் பொருத்தமானதே. ஆயினும், அவர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கியவர் என்பதும், ஒடுக்கப்பட்ட மக்கள் அரசின் குடிக்கணக்கில் தம்மைச் சாதி பேதமற்றவர்களாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று வலியுறுத்தியவர் என்பதும் அங்கு மருந்துச் சீட்டுக்கு வரிசையில் நிற்போரில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தச் ‘சாதியற்ற’ என்னும் சொல்தான் ஒரு நூற்றாண்டைக் கடந்து வந்து ஓர் இசைக்குழுவின் பெயராயிற்று. ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் அக்குழு பறையையும் கானாவையும் மின் கிதாருடனும் ராப்புடனும் ஒரே மேடையில் நிறுத்தியது. நாட்டார் இசை மின்னிசையோடு கலக்கும்போது அதை வாசிக்கும் மனிதருக்கு என்ன நேர்கிறது என்பதை அக்குழுவின் வழியாகப் பார்க்க இக்கட்டுரையில் முயல்கிறோம்.

இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸ் நிறுவனமும் இணைந்து 2017இல் இக்குழுவை உருவாக்கின. முதல் நிகழ்ச்சி 2018 சனவரி 6 அன்று கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின் பள்ளி மைதானத்தில் நடந்தது. மேடையில் 19 பேர். அனைவரும் அம்பேத்கரை நினைவூட்டும் கோட்டு சூட்டு அணிந்திருந்தனர். முத்து, பாலச்சந்தர், தரணி, செல்லமுத்து, இசைவாணி ஆகியோர் கானா மரபிலிருந்து வந்த குரல்கள். அறிவு ராப் பாடினார். பறைக்கும் தவிலுக்கும் நந்தன், கட்டமோளத்திற்குக் கௌதம், சட்டிக்குச் சரத் என்று தோல்கருவிகளுக்கு மட்டும் தனித்தனிக் கலைஞர்கள் இருந்தனர். கிதாரும் டிரம்ஸும் அவர்களுக்குப் பக்கவாட்டில் நின்றன.

இந்த நிற்கும் முறையை நாம் பொருட்படுத்திப் பேச வேண்டியிருக்கிறது. தமிழ்த் திரையிசையில் பறையின் ஒலி பல பத்தாண்டுகளாகவே கேட்டு வருகிறது. குத்துப்பாட்டு என்ற பெயரில் அது நம் காதுகளுக்குப் பழகிவிட்டது. ஆனால் பறையர் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒலிக்கூடத்துக்குள் ஒருநாள் அழைக்கப்பட்டு, வாசித்துவிட்டுக் கூலி பெற்றுத் திரும்பும் ஒருவரின் அடி, பின்னர் கணினியில் வெட்டி ஒட்டப்பட்டு எத்தனையோ பாடல்களில் ஒலிக்கக்கூடும். காஸ்ட்லெஸ் கலெக்டிவ் செய்தது இதற்கு நேர் எதிரான காரியம். மின்னிசை இருந்தது, கூடவே கருவியை ஏந்திய ஆளும் பெயரோடு முன்வரிசையில் இருந்தார்.

பறையடிக்க மறுத்த வரலாறு

இக்கலவையைக் கொண்டாடும் முன் ஒரு வரலாற்றை நினைவுகூர்வது நம் கடமை. பறை எல்லாக் காலத்திலும் தலித் மக்களின் விருப்பத்துக்குரிய கருவியாக இருந்ததில்லை. ஆதிக்கச் சாதியினர் வீட்டுச் சாவுக்கு ஊதியமின்றியோ அற்பக் கூலிக்கோ அடித்தாக வேண்டும் என்பது ஊர்க் கட்டுப்பாடாக இருந்தது. மறுத்தவர்கள் தாக்கப்பட்டனர், ஒதுக்கி வைக்கப்பட்டனர். தென்னார்க்காடு பகுதியில் எல். இளையபெருமாள் முன்னின்று நடத்திய போராட்டங்களில் சாவுக்குப் பறையடிக்க மறுப்பது ஒரு முக்கியக் கூறு. கருவியையே கைவிட்ட ஊர்கள் உண்டு. அந்த மறுப்பும் விடுதலை அரசியலே. அதைப் ‘பண்பாட்டு இழப்பு’ என்று இன்று எளிதாகப் பேசுவோர், அடி வாங்கியவர்களின் பக்கம் நின்று ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டிய தொண்ணூறுகளில்தான் நிலைமை திரும்பியது. இழிவின் அடையாளமாகச் சுமத்தப்பட்ட கருவியைப் போராட்டக் கருவியாக எடுத்துக்கொள்வது என்ற முடிவு பல இடங்களில் ஏறத்தாழ ஒரே காலத்தில் உருவானது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையை ஏந்தினர். ஆண்களுக்கே உரியது என்றிருந்த தோலை ஒரு பெண் தோளில் மாட்டியது அன்று சிறிய செய்தியன்று. பின்னர் சென்னையில் மணிமாறன், மகிழினி ஆகியோரின் புத்தர் கலைக்குழு மாணவர்களுக்கும் பணிபுரிவோருக்கும் பறையாட்டம் கற்பித்தது. மதுரை அலங்காநல்லூரைச் சேர்ந்த வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இந்த நீண்ட வரிசையில் வருகிறது. அது எங்கிருந்தோ திடீரென முளைத்ததாக எழுதும் ஆங்கில நாளேடுகளின் வியப்பில் நமக்கு உடன்பாடில்லை.

நகரத்தின் தென்விளிம்பும் கானாவும்

கானா வடசென்னையின் சொத்து என்பது பொதுவான கருத்து. பிறப்பிடத்தைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால் பாடல் மக்களோடு இடம்பெயரும். 2000ஆம் ஆண்டு தொடங்கி, கூவம், அடையாற்றுக் கரைகளிலும் நகரின் நடுப்பகுதிகளிலும் வாழ்ந்த குடும்பங்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்கு அடுத்தடுத்து அனுப்பப்பட்டன. கண்ணகி நகரில் மட்டும் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். செம்மஞ்சேரியில் 6,000க்கும் மேல். 2015 பெருவெள்ளத்திற்குப் பின் ஆற்றங்கரையிலிருந்து அகற்றப்பட்ட பலர் பெரும்பாக்கம் வந்து சேர்ந்தனர். இவர்களுள் பெரும்பகுதியினர் தலித் மக்கள். வேலை, பள்ளி, மருத்துவமனை எல்லாம் 20 கிலோமீட்டருக்கும் அப்பால் தங்கிவிட, சாவு வீட்டுக் கானாவும் சட்டி மேளமும் இவர்களுடன் தெற்கே வந்தன.

இன்னொரு பாதை தண்டவாளம். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அந்தப் பெட்டிகளின் தகரச் சுவரில் உள்ளங்கையால் தாளமிட்டுப் பாடும் கல்லூரி மாணவர்களின் கானாவைப் பல தலைமுறைப் பயணிகள் கேட்டிருக்கிறார்கள். அதைக் காவல்துறை பெரும்பாலும் தொல்லையாகவும் ‘ரூட்டு’ச் சண்டையாகவும்தான் பார்த்து வந்துள்ளது. அதே பாட்டு 2012இல் ‘அட்டகத்தி’ படத்தில் கானா பாலாவின் குரலில் ஒலித்தபோது மாநிலமே முணுமுணுத்தது.

நெருப்பும் மின்சாரமும்

மரபுக் கருவியை மின்னிசையோடு சேர்ப்பது என்பது இரண்டையும் ஒன்றாக ஒலிக்கவிடுவதோடு முடிவதில்லை. கைவேலை சார்ந்த சிக்கல்கள் பல உள்ளன; இவற்றைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதப்பட்டிருப்பதால் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

பறை என்பது மரச் சட்டத்தில் இழுத்து ஒட்டிய மாட்டுத்தோல். இடக்கையில் நீண்டு மெலிந்த சிண்டுக்குச்சி, வலக்கையில் குட்டையான அடிக்குச்சி. தோல் காற்றின் ஈரத்தை வாங்கித் தளரும். தளர்ந்தால் ஒலி மங்கும். எனவே வாசிப்புக்கு முன்னும் இடையிலும் வைக்கோலையோ சருகையோ கொளுத்திக் காய்ச்ச வேண்டும். சென்னையின் கடற்காற்றில் இது இன்னும் அடிக்கடி தேவைப்படும். குளிரூட்டப்பட்ட அரங்கிலோ ஒலிப்பதிவுக் கூடத்திலோ நெருப்பு மூட்ட முடியாது. கிதாரின் சுருதி ஓரிடத்தில் நிற்க, பறையின் சுருதி பாடலுக்குப் பாடல் இறங்கிக்கொண்டே போகும். இதற்காகப் பலர் ஃபைபர் தகடு பொருத்திய பறைக்கு மாறிவிட்டனர். அது காய்ச்ச வேண்டாதது, மழைக்கு அஞ்சாதது, எடை குறைந்தது. ஆனால் தோலின் அடித்தொனி அதில் இல்லை. மேலும், மாட்டுத்தோல் இல்லாத பறையைத்தான் சில மேடைகள் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்கின்றன என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும். தோலோடு தொடர்புடைய உழைப்பின் மீதான அருவருப்பு, ‘வசதி’ என்ற நல்ல பெயரில் உள்ளே வர வாய்ப்புண்டு.

இரண்டாவது சிக்கல் காலப்பிரமாணம். பறையாட்டத்தில் வாசிப்பவரே ஆடுபவர். காலடி, தோள், குச்சி மூன்றும் ஒன்றையொன்று இழுத்துச் செல்லும். முன்னிற்பவரின் கண்ணசைவில் அடவு மாறும். வேகம் படிப்படியாக ஏறி உச்சத்தில் நிற்கும். கணினியில் தயாரிக்கப்படும் தாளத்தடமோ நிமிடத்துக்கு இத்தனை அடி என்று தொடக்கத்திலேயே பூட்டப்பட்டது. அத்தடத்தோடு வாசிக்கும் பறைக்கலைஞர் காதுக்குள் ஒலிக்கும் ‘கிளிக்’குக்குக் கட்டுப்பட வேண்டும். பிறகு மென்பொருள் அவருடைய ஒவ்வோர் அடியையும் கட்டத்துக்குள் நேராக அடுக்கிவிடும். முந்தியும் பிந்தியும் விழும் அந்த நூலிழை வேறுபாட்டில்தான் ஆட்டம் இருக்கிறது; நேராக்கிய பின் எஞ்சுவது வெறும் சத்தம். எல்லாரும் ஒரே மேடையில் நின்று ஒருவரையொருவர் பார்த்து வாசிக்கும்போது, டிரம்ஸ்காரர் பறையைப் பின்தொடர வாய்ப்புக் கிடைக்கிறது. மின்னிசையைப் பறைக்கு ஏற்ப வளைப்பதா, பறையை மின்னிசைக்கு ஏற்ப வெட்டுவதா என்பது ஒலிப்பொறியாளரின் தனி முடிவாக இருக்கக் கூடாது என்பது நம் கருத்து.

பாடலின் பொருளுக்கும் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு இட ஒதுக்கீட்டையும் மாட்டிறைச்சியையும் கோயில் நுழைவையும் பாடியது. சபரிமலை விவாதம் எழுந்த 2018இல் ‘ஐயாம் சாரி ஐயப்பா’ பாடலை இசைவாணி மேடையேற்றினார். பி.பி.சி. 2020இல் வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் அவர் இடம்பெற்றார். ஆண்டுகள் பல கழித்து 2024 நவம்பரில் அதே பாடலுக்காக அவர்மீது காவல்துறையில் புகார்கள் அளிக்கப்பட்டன. இணையத்தில் ஆபாச மிரட்டல்கள் குவிந்தன. குழுவாகப் பாடிய பாட்டுக்குத் தனியொரு பெண் குறிவைக்கப்பட்டதைத் தற்செயல் என்று நாம் கருதவில்லை.

யாருடைய பெயர்?

இக்குழுவின் வழியாக அறியப்பட்ட அறிவு, 2021 மார்ச்சில் வெளிவந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாடலில் ‘தீ’யுடன் இணைந்து பாடினார்; தயாரித்தவர் சந்தோஷ் நாராயணன். தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டியின் நிலமற்ற வாழ்வை ஒப்பாரியின் சாயலோடு அறிவு அதில் கொண்டுவந்தார். பாடல் உலகெங்கும் பரவியது. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் அவர் படம் இல்லை. பா. இரஞ்சித் உள்ளிட்டோர் கண்டித்த பிறகே அவருக்கென இணைய அட்டை ஒன்று வந்தது. 2022 சூலை 28 அன்று சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அப்பாடலைத் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினர். அறிவு மேடையில் இல்லை. அதன் பின் படைப்பில் யார் பங்கு எவ்வளவு என்று கலைஞர்களே பொதுவெளியில் விளக்கம் தர நேர்ந்தது. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், மூவருக்குமே அப்பாடலால் வருவாய் எதுவும் வந்து சேரவில்லை என்றார். நட்சத்திரங்களுக்கே இந்த நிலை என்றால், அத்தகைய பாடல்களில் தோல்கருவி வாசிப்போரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு முன்னோடிக் கதை உண்டு. 1969இல் ‘தி வின்ஸ்டன்ஸ்’ குழு பதிவு செய்த ‘ஆமென், பிரதர்’ என்ற இசைத்துண்டில் கிரிகரி கோல்மன் என்ற கறுப்பினக் கலைஞர் ஏறத்தாழ ஆறு நொடிகள் தனியே டிரம்ஸ் வாசித்தார். அந்த ஆறு நொடி பிற்காலத்தில் வெட்டியெடுக்கப்பட்டு ஆயிரக்கணக்கான ஹிப்-ஹாப், மின்னிசைப் பதிவுகளில் சுழன்றது. ‘ஜங்கிள்’ என்ற இசைவகையே அதன்மேல் எழுந்தது. கோல்மன் அதற்காக உரிமத்தொகை எதுவும் பெறாமல் 2006இல் வறுமையில் இறந்தார்.

நம் சட்டத்தில் ஓரளவு வழியுண்டு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 2012இல் திருத்தப்பட்டபோது, 38ஏ பிரிவு நிகழ்த்துக் கலைஞருக்கு வணிகப் பயன்பாட்டில் உரிமத்தொகை பெறும் உரிமையைத் தந்தது. 38பி பிரிவு தம் பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்று கோரும் உரிமையைத் தந்தது. நிகழ்த்துக் கலைஞர் உரிமை 50 ஆண்டுகள் நீடிக்கும். பொது மரபான ஓர் அடவுக்கோ தாளத்துக்கோ யாரும் பதிப்புரிமை கோர முடியாது. ஆனால் குறிப்பிட்ட ஒருவர் குறிப்பிட்ட நாளில் வாசித்த அந்த வாசிப்பு அவருடையது. இங்கே ஒரு பொறியும் இருக்கிறது. கலைஞர் என்பதற்கான வரையறையில், திரைப்படத்தில் போகிற போக்கில் இடம்பெற்று, தொழில் வழக்கப்படி பெயர்ப் பட்டியலில் சேர்க்கப்படாதவர் கலைஞராகக் கருதப்பட மாட்டார் என்ற விலக்கு சேர்க்கப்பட்டது. தம் வாசிப்பு சிதைக்கப்படுவதை எதிர்க்கும் உரிமை மட்டுமே அவருக்கு மிஞ்சும். பெயர் போடாத வழக்கமே பெயர் போட வேண்டாமைக்குச் சட்டக் காரணமாகிவிடுகிறது.

ஆகவே தாம்பரத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரை கல்லூரி விழாக்களுக்குப் பறைக்குழுக்களை அழைக்கும் மாணவர்களிடம் நாம் கேட்பது இவ்வளவே: அழைப்பிதழில் ‘பறையாட்டம்’ என்று மட்டும் போடாமல் வாசிப்போர் ஒவ்வொருவரின் பெயரையும் அச்சிடுங்கள். நிகழ்ச்சியைப் பதிவு செய்து டி.ஜே. ஒருவரிடம் கொடுக்கும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள்; அதற்குத் தனித்தொகை பேசுங்கள். காய்ச்சுவதற்கு அரங்குக்கு வெளியே இடமும் வைக்கோலும் ஏற்பாடு செய்யுங்கள். ஒலிச்சோதனையில் கீபோர்டுக்கு ஒதுக்கும் நேரத்தைப் பறைக்கும் ஒதுக்குங்கள்.