மல்லாவியில் மெரேஸ்யெவ்

மொழிபெயர்ப்பு நாவலை வாசித்து முடித்தவர் சொல்லும் முதல் வார்த்தைக்குத் தனி மதிப்பு உண்டு, நேயர்களே. விமர்சகரின் தராசு வேறு. வாசகர் தம் வாழ்வையே படிக்கல்லாக வைத்து நிறுக்கிறார். இதை நான் 1997ஆம் ஆண்டில் மல்லாவியில் கண்டேன்.

கிளிநொச்சியில் இருந்து இடம்பெயர்ந்து வந்த எங்களிடம் சில புத்தகங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று போரிஸ் பொலெவோயின் 'உண்மை மனிதனின் கதை'. பூ. சோமசுந்தரம் தமிழாக்கி, மொஸ்கோவில் அச்சாகி வந்த நூல். ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் பலர் வாசித்து, அட்டை கழன்று, சாக்கு நூலால் தைக்கப்பட்டிருந்தது.

கதைக்கு மூலம் ஓர் உண்மை மனிதர். அலெக்ஸேய் மரேஸ்யெவ் என்ற ருஷ்ய விமானியின் விமானம் 1942 ஏப்ரலில் சுட்டு வீழ்த்தப்பட்டது. பனிக்காட்டில் 18 நாட்கள் ஊர்ந்தும் தவழ்ந்தும் அவர் உயிர் தப்பினார். இரு கால்களும் முழங்காலுக்குக் கீழே துண்டிக்கப்பட்டன. பொய்க்கால்களில் நடக்கப் பழகி, 1943இல் மீண்டும் போர் விமானம் ஓட்டினார். அந்த ஆண்டில் அவரைச் சந்தித்த பொலெவோய், பெயரில் ஓர் எழுத்தை மாற்றி மெரேஸ்யெவ் ஆக்கி, 1946இல் நாவலை வெளியிட்டார்.

மிதிவெடியில் வலக்காலை இழந்த கமக்காரர் ஒருவரிடம் அந்த நூலைக் கொடுத்தேன். அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்பது என் எண்ணம். ஒரு கிழமை கழித்துத் திருப்பித் தந்தவர் கேட்டார்:

"தம்பி, அவன் திரும்பப் பிளேனில ஏறினான், சரி. பொய்க்காலோட சேத்து வயலுக்குள்ள இறங்கினவனோ?"

எனக்குப் பதில் வரவில்லை. நூல் அவரைத் தொடவில்லை என்றே அன்று நினைத்தேன். மறுபடி வாசித்தபோதுதான் விளங்கிற்று. மருத்துவமனையில் மெரேஸ்யெவுடன் இருந்த கொமிசார், பழைய சஞ்சிகைக் கட்டுரை ஒன்றை அவனிடம் கொடுக்கிறார். முதலாம் உலகப் போரில் பாதத்தை இழந்தும் விமானம் ஓட்டிய கார்ப்பொவிச் பற்றியது அது. மெரேஸ்யெவும் முதலில் மறுக்கிறான். அவருக்குப் போனது ஒரு பாதம், தனக்கோ இரண்டு கால்களும். அவர் ஓட்டியது அந்தக் காலத்து விமானம் என்கிறான். கதாநாயகனும் ஒரு வாசகன்தான். தன் காலைக் கொண்டுதான் அவனும் அந்தக் கட்டுரையை அளந்தான். மறுத்த அந்த இடத்திலேதான் அவனுக்கு ஆசையும் முளைத்தது.

அந்தப் பக்கத்தின் மூலை மடிக்கப்பட்டிருந்தது. எனக்கு முன்பே கமக்காரர் அதைக் கண்டிருந்தார்.

அவருடைய கேள்விக்கு விடை நாவலில் இல்லை. இந்தியாவின் ஜெய்ப்பூரில் 1968இல் உருவான இறப்பர்ப் பாதத்தில் இருந்தது. சப்பாத்து இல்லாமல் நடக்கவும், குந்தியிருக்கவும், சேற்றில் இறங்கவும் ஏற்றது அது. அத்தகைய காலுடன் அவர் வவுனிக்குளத்துத் தண்ணீர் பாயும் வயல் வரம்பில் வந்ததைப் பின்னொரு காலபோகத்தில் பார்த்தேன். என்னைக் கண்டதும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார்:

"வேற புத்தகம் இருக்கோ, தம்பி?"