கூட்டன் டாக்: ஒரு வணக்கத்தின் வரலாறு



நம் பிள்ளைகளில் சிலர் செவிலியர் வேலைக்கும் மேற்படிப்புக்கும் ஜெர்மனி போகத் தயாராகி வருகிறார்கள். மொழி வகுப்பில் முதல் பாடமே வணக்கம் சொல்வதுதான். அந்தச் சின்னச் சொற்களுக்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது. தேர்வுக்கு அது வராது என்பதால் வகுப்பில் யாரும் சொல்லப்போவதில்லை. ஆகவே நான் சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் மொழி. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்தின் பெரும்பகுதி, லீக்டென்ஸ்டைன் ஆகிய இடங்களில் ஜெர்மன் பேசுகிறார்கள். ஆங்கிலமும் டச்சும் அதற்கு உடன்பிறப்புகள். 1871 வரை ஜெர்மனி என்று ஒரே நாடு கிடையாது. பல சிற்றரசுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமான பேச்சு. மார்ட்டின் லூதர் 1522இல் புதிய ஏற்பாட்டையும் 1534இல் முழு பைபிளையும் ஜெர்மனில் வெளியிட்டார். அச்சு இயந்திரம் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனது. பொதுவான எழுத்து மொழி உருவாக அது பெரிய காரணம். ஆனால் எழுத்து ஒன்றானாலும் பேச்சு ஒன்றாகவில்லை. வணக்கமும் ஊருக்கு ஊர் மாறியே நின்றது.

எங்கும் செல்லுபடியாகும் வணக்கங்கள் மூன்று. காலையில் 'கூட்டன் மோர்கன்', பகலில் 'கூட்டன் டாக்', மாலையில் 'கூட்டன் ஆபென்ட்'. நல்ல காலை, நல்ல நாள், நல்ல மாலை என்று பொருள். 'கூட்டே நாக்ட்' என்பது தூங்கப் போகும்போது சொல்வது.

தெற்கே பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் 'க்ரூஸ் கோட்' என்பார்கள். கடவுளின் பெயரால் வரும் வாழ்த்து அது. நண்பர்களுக்குள் 'செர்வுஸ்'. லத்தீனில் இதற்கு அடிமை என்று பொருள். 'உங்கள் அடியேன்' என்று நம் முன்னோர் சொன்னதும் இதுவும் ஒன்றுதான். வடக்கே ஹாம்பர்க் பக்கம் 'மொயின்' என்ற ஒரே சொல். காலை, மாலை, இரவு எல்லாவற்றுக்கும் அதுவே. மதிய நேரத்தில் அலுவலகத்தில் எதிர்ப்படுபவர் 'மால்ட்சைட்' என்பார். சாப்பாட்டு வேளை என்று அர்த்தம். நம் 'சாப்பிட்டாச்சா?' நினைவுக்கு வருகிறதா?

சுரங்கத் தொழிலாளிகளின் வணக்கம் 'க்ளுக் அவுஃப்'. பூமிக்குள் இறங்குகிறவருக்கு நல்லபடியாக மேலே வர வேண்டும் என்ற வாழ்த்து. ஜெர்மனியின் கடைசி நிலத்தடி நிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் போட்ரோப் நகரில் மூடப்பட்டது. சுரங்கம் போனாலும் அந்த வணக்கம் ரூர் பகுதியில் இன்னும் இருக்கிறது.

விடைபெறும்போது 'அவுஃப் வீடர்சேயன்', அதாவது மறுபடி பார்க்கும் வரை. தொலைபேசியில் பார்க்க முடியாதல்லவா? அங்கே 'அவுஃப் வீடர்ஹோரன்', மறுபடி கேட்கும் வரை. நாம் 'போகிறேன்' என்று சொல்லாமல் 'போயிட்டு வரேன்' என்று சொல்வது போலத்தான். பழகியவர்களிடம் 'ச்சூஸ்' போதும்.

இப்போது இந்தப் பதிவின் முக்கியமான பகுதிக்கு வருகிறேன்.

1933 ஜனவரி 30இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். அதே ஆண்டு ஜூலையில், அரசு ஊழியர்கள் எல்லோரும் வலது கையை நீட்டித்தான் வணக்கம் சொல்ல வேண்டும் என்று உள்துறை அமைச்சர் ஃப்ரிக் ஆணையிட்டார். அதோடு சேர்த்துச் சொல்லும் சொல் 'ஹைல் ஹிட்லர்', ஹிட்லர் வாழ்க. இதற்கு 'ஜெர்மன் வணக்கம்' என்று பெயரும் வைத்தார்கள். அப்படியானால் கூட்டன் டாக் சொல்கிறவன் ஜெர்மானியன் இல்லையா? அந்தப் பெயரிலேயே மிரட்டல் இருந்தது.

பள்ளிக்கூடங்களும் தப்பவில்லை. பாடம் தொடங்கும்போதும் முடியும்போதும் ஆசிரியர் வகுப்பின் முன் நின்று கையை நீட்ட வேண்டும், பிள்ளைகள் பதிலுக்கு நீட்ட வேண்டும். யெகோவாவின் சாட்சிகள் என்ற சமயப் பிரிவைச் சேர்ந்த பிள்ளைகள் மறுத்ததால் பள்ளியை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். பல வருடம் வகுப்பறையில் 'வணக்கம் ஐயா' கேட்டுப் பழகிய எனக்கு இதைப் படித்தபோது மனம் கனத்தது. ஒரு நாளைக்கு எட்டு பாடவேளை என்றால் எத்தனை முறை அந்தக் குழந்தைகள் கை நீட்டியிருப்பார்கள்!

அந்தக் காலத்தில் டிரெஸ்டன் நகரில் விக்டர் க்ளெம்பரர் என்ற மொழிப் பேராசிரியர் இருந்தார். யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதால் 1935இல் அவரைப் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கினார்கள். மனைவி ஏவா யூதர் அல்லர்; அதனால்தான் அவர் நாடு கடத்தப்படாமல் இருந்தார். நூலகமும் கிடையாது, வேலையும் கிடையாது. என்ன செய்தார்? மக்கள் பேசுவதைக் கவனித்துத் தினமும் நாட்குறிப்பு எழுதினார். அது கையில் சிக்கினால் உயிர் போகும்.

1941இல் அவர் ஒரு கணக்கு எடுத்தார். கடைக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் 'ஹைல் ஹிட்லர்' சொல்கிறார்கள், எத்தனை பேர் 'கூட்டன் டாக்' சொல்கிறார்கள்? ஒரு ரொட்டிக் கடையில் ஐந்து பெண்கள் கூட்டன் டாக் சொன்னார்கள், இரண்டு பேர் ஹைல் ஹிட்லர் சொன்னார்கள். எழுதி வைத்துக்கொண்டார். எந்தச் செய்தித்தாளும் மக்கள் மனதைச் சொல்லாத காலத்தில், ரொட்டி வாங்க வந்த பெண்களின் வணக்கத்தில் அவர் அதைத் தேடினார்.

1945 பிப்ரவரி 13 இரவு டிரெஸ்டன் மீது குண்டு மழை பொழிந்தது. அந்தக் குழப்பத்தில் சட்டையில் தைத்திருந்த மஞ்சள் நட்சத்திரத்தை அகற்றிவிட்டு மனைவியோடு தப்பினார். 1947இல் நாஜிகளின் மொழியைப் பற்றிய அவருடைய புத்தகம் வெளிவந்தது. இன்றும் அது படிக்கப்படுகிறது.

போருக்குப் பின் அந்த வணக்கத்தைச் சட்டம் தடை செய்தது. ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை அல்லது அபராதம். வெளிநாட்டவர் என்றும் பார்க்க மாட்டார்கள். 2017இல் பெர்லின் நாடாளுமன்றக் கட்டடத்தின் முன் அப்படிக் கை நீட்டிப் படம் எடுத்துக்கொண்ட இரண்டு சீனச் சுற்றுலாப் பயணிகளைக் காவல் துறை பிடித்தது. ஆகவே அங்கே போகும் பிள்ளைகளே, விளையாட்டுக்குக்கூட அது வேண்டாம்.

இன்னொன்று. ஜெர்மனிலும் நம்மைப் போல நீ, நீங்கள் உண்டு. 'டு' என்றால் நீ, 'சீ' என்றால் நீங்கள். மருத்துவமனையில் பெரியவர்களை 'சீ' என்றே அழையுங்கள். அவர்களாகச் சொன்ன பிறகு 'டு'வுக்கு மாறலாம்.

நாளைக்கு ஒரு ரொட்டிக் கடையில் நுழைந்து வாய் நிறைய கூட்டன் டாக் சொல்வீர்கள். ஒரு காலத்தில் அதைச் சொல்லவே துணிச்சல் வேண்டியிருந்தது என்பதை மறக்காதீர்கள். மனிதன் மனிதனுக்குச் சொல்வதே வணக்கம். அதைத் தலைவனுக்குச் சொல்லும் கோஷமாக மாற்றுகிறவர்கள் எந்த நாட்டில் வந்தாலும் எச்சரிக்கையாக இருங்கள்.

ஜெர்மனியில் இருக்கும் பிள்ளைகள், உங்கள் ஊரில் எப்படி வணக்கம் சொல்கிறார்கள் என்று கீழே எழுதுங்கள். தெரிந்துகொள்ள ஆசை.

எல்லோரும் நலமாக இருங்கள். அவுஃப் வீடர்சேயன்!