10 சதவீதத்திலிருந்து 45 சதவீதம் வரை: அமெரிக்க உழைப்பாளர் வரிச் சலுகையின் கணக்கும் வரலாறும்

குறைந்த ஊதியத்தில் உழைப்பவருக்கு வரித்துறை வழியாகவே அரசு பணம் தரும் முறை அமெரிக்காவில் 1975 முதல் நடைமுறையில் உள்ளது. 'ஈட்டிய வருமான வரிச் சலுகை' எனப்படும் இது, வருமானத்தின் ஒரு பகுதிக்கு வரிவிலக்கு தருவதன்று. கட்ட வேண்டிய வரியிலேயே கழிக்கப்படுவது. வரியை விடச் சலுகை கூடுதலானால் மீதித் தொகை பணமாகக் கைக்கு வரும். இதைக் கணக்கிடும் வாய்பாட்டில் இரு வேறு நோக்கங்கள் கலந்துள்ளன என்பதே இக்கட்டுரையின் கருத்து.

தோற்றம்

வருமானம் ஒரு வரம்புக்குக் கீழே இருப்பவருக்கு அரசே பணம் தரலாம் என்ற 'எதிர்மறை வருமான வரி' யோசனையை மில்டன் ஃபிரீட்மன் 1962இல் முன்வைத்தார். அதையொட்டி அதிபர் நிக்சன் 1969இல் அறிவித்த குடும்ப உதவித் திட்டம் செனட்டில் முடங்கியது. வேலைக்குப் போகாதவருக்கும் வருமான உத்தரவாதம் தருவதைச் செனட் நிதிக் குழுத் தலைவர் ரஸ்ஸல் லாங் ஏற்கவில்லை. உழைப்பவருக்கு மட்டும் ஊக்கத்தொகை தரலாம் என்றார். வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிக்காதவரிடமும் சமூகப் பாதுகாப்பு வரி முதல் டாலரிலிருந்தே பிடிக்கப்பட்டது. அந்தச் சுமையை ஈடுகட்டுவதே அவர் சொன்ன நியாயம். 1975இல் அவ்வரி தொழிலாளியின் பங்காக 5.85, முதலாளியின் பங்காக 5.85, ஆக 11.7 சதவீதம். அதே ஆண்டு மார்ச்சில் அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம், குழந்தையுள்ள தொழிலாளிக்கு முதல் 4,000 டாலர் ஊதியத்தில் 10 சதவீதத்தைச் சலுகையாக்கியது. அதற்கு மேல் ஊதியம் ஏற ஏற, சலுகை அதே விகிதத்தில் குறைந்து 8,000 டாலரில் மறைந்தது.

வாய்பாட்டின் வளர்ச்சி

தற்காலிகமாக வந்த சலுகையை 1978ஆம் ஆண்டுச் சட்டம் நிலையாக்கியது. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே சமதளம் ஒன்றையும் சேர்த்தது. ஆனால் தொகைகள் விலைவாசியோடு உயராததால் சலுகையின் மதிப்பு தேய்ந்தது. 1986ஆம் ஆண்டு வரிச் சீர்திருத்தம் அவற்றைப் பணவீக்கத்தோடு இணைத்தது. 1990இல் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகள் உள்ள குடும்பத்துக்குத் தனி விகிதம் வந்தது. 1993இல் கிளிண்டன் அரசு, முழுநேரம் உழைக்கும் பெற்றோரின் குடும்பம் வறுமையில் இருக்கக்கூடாது என்ற இலக்கோடு அதை 40 சதவீதம் வரை உயர்த்த வழி செய்தது. மூன்று குழந்தைகளுக்கான 45 சதவீதம் 2009இல் சேர்ந்தது.

இன்றைய கணக்கு

2024ஆம் வரி ஆண்டில் ஒரு குழந்தையோடு தனித்து வாழும் தாயை எடுத்துக்கொள்வோம். அவர் ஆண்டுக்கு 10,000 டாலர் சம்பாதித்தால் 34 சதவீதம், அதாவது 3,400 டாலர் கிடைக்கும். ஊதியம் 12,390 டாலரைத் தொடும்போது சலுகை 4,213 டாலர் என்னும் உச்சத்தை அடையும். 22,720 வரை மாறாது. அதைத் தாண்டிய ஒவ்வொரு டாலருக்கும் 15.98 சென்ட் குறையும். அவர் 30,000 டாலர் ஈட்டினால், வரம்புக்கு மேற்பட்ட 7,280 டாலருக்கு ஏறத்தாழ 1,163 டாலர் கழிந்து, சுமார் 3,050 டாலர் எஞ்சும். 49,084 டாலரில் சலுகை தீர்ந்துவிடும்.

இரு நோக்கங்கள்

குழந்தையில்லாத தொழிலாளியின் கணக்கு வேறு. 1993இல்தான் சலுகைக்குள் வந்த அவருக்கான விகிதம் 7.65 சதவீதம், 2024இல் அதன் உச்சம் 632 டாலர்தான். ஊதியத்திலிருந்து தொழிலாளியின் பங்காகப் பிடிக்கப்படும் சமூகப் பாதுகாப்பு, மருத்துவக் காப்பீட்டு வரிகளின் கூட்டு விகிதமும் அதே 7.65. பெருந்தொற்றுக் கால நிவாரணமாக 2021இல் ஓராண்டுக்கு மட்டும் அந்தச் சலுகை விகிதம் 15.3 ஆக்கப்பட்டது, முதலாளியின் பங்கையும் சேர்த்தால் வருவது அந்த எண்ணே.

ஆக, பிடித்த வரியைத் திருப்பித் தருவது என்ற 1975ஆம் ஆண்டின் நியாயம் இன்று குழந்தையில்லாதவருக்கு மட்டுமே அளவுகோலாக நிற்கிறது. குழந்தையுள்ள குடும்பத்துக்குச் சலுகை வறுமை ஒழிப்புத் திட்டமாகவே வளர்ந்துவிட்டது. இருவருக்கும் பொதுவாக எஞ்சியிருப்பது லாங் வற்புறுத்திய நிபந்தனை: ஊதியம் இல்லையேல் சலுகையும் இல்லை. ஃபிரீட்மனின் யோசனையில் ஏதுமற்றவருக்கே மிகுதியான தொகை சேர்ந்திருக்கும். இந்த வாய்பாட்டில் அவருக்குக் கிடைப்பது பூஜ்யம்.